பழைய பிரெஞ்சு ரேஸ் சைக்கிளுக்கு அந்தக் காலத்துப் பாகங்கள் தேடுவது: முதலில் மரை, கடைசியில் மினுக்கு

1970களின் பிரெஞ்சு ரேஸ் வண்டியான பூஜோ பிஎக்ஸ்-10இன் ஃபிரேம் ஒன்று கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று புதிதாக இறங்குபவர்கள் நினைப்பார்கள். ரெனால்ட்ஸ் 531 குழாய், குழாய்கள் சேரும் மூட்டில் நெர்வெக்ஸ் லக், வெள்ளைப் பெயிண்ட் எல்லாம் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். பிறகு இணையத்தில் பார்த்த பளபளப்பான இத்தாலிய பேரிங் கப், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஜப்பானிய ஸ்டெம், ஆங்கிலேய பெடல் என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு வந்து மாட்டப்போனால் ஒன்று ஏறாது, ஒன்று ஆடும், ஒன்று பாதி ஏறி மரையைத் தின்றுவிடும். எல்லாமே நல்ல பாகங்கள்தான். பிரெஞ்சு வண்டியின் மரைக்கும் விட்டத்துக்கும் பொருந்தாதவை, அவ்வளவே.

இந்த வழிகாட்டி பிஎக்ஸ்-10ஐ வைத்து எழுதப்பட்டது. மோட்டோபெக்கான், ஜித்தான் போன்ற அதே காலத்துப் பிரெஞ்சு வண்டிகளுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும். இத்தாலிய, ஜப்பானிய வண்டிக்காரர்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம்; அவர்களுக்கான குறிப்பு பின்னால் வருகிறது.

எந்த ஆண்டு என்று முடிவு கட்டுங்கள்

காலப் பொருத்தம் என்றால் தேதி தேதியாக ஒத்துப்போவது இல்லை. தொழிற்சாலையில் முந்தைய ஆண்டின் சரக்கு அலமாரியில் இருக்கும், அதையும் மாட்டித்தான் அனுப்பினார்கள். ஆகவே ஃபிரேமைவிட ஓராண்டு முந்தைய பாகம் இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். ஃபிரேமுக்கு மூன்று ஆண்டு பிந்தைய பாகம் இருந்தால் அது நடுவில் யாரோ மாற்றியது.

முதலில் ஃபிரேமின் அடியில், கிராங்க் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் கூட்டில் பொறித்த எண்ணைப் படம் எடுங்கள். குழாய் ஸ்டிக்கர், லக்கின் வடிவம், கேபிள் போகும் வழி இவற்றையும் எடுங்கள். இணையத்தில் ஸ்கேன் செய்து போட்டிருக்கும் பழைய பூஜோ விற்பனைப் பட்டியல்களில் ஆண்டுக்கு ஆண்டு பாக விவரம் இருக்கிறது. அதில் உங்கள் ஃபிரேமோடு ஒத்துப்போகும் இரண்டு மூன்று ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சரக்குத் தட்டுப்பாட்டில் படத்தில் இல்லாத பாகமும் வண்டியில் ஏறியிருக்கும்.

எதற்காகச் சீரமைக்கிறோம் என்பதையும் இப்போதே தீர்மானித்துவிடுவது நல்லது. சுவரில் மாட்டவா, ஓட்டவா, போட்டிக்கா? இத்தாலியில் கயோலே இன் கியாந்தியில் 1997 முதல் நடக்கும், பழைய வண்டிகளுக்கான லெரோய்கா ஓட்டத்துக்குப் போவதாக இருந்தால் விதி தெளிவாக உண்டு: 1987க்கு முந்தைய வண்டி, கியர் லீவர் டவுன் டியூபில், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு மேலே வெளியே தெரிய வேண்டும், பெடலில் பாதத்தைப் பிடிக்கும் டோ கிளிப்பும் வாரும். அதற்கு 1972 வண்டியில் 1979 பாகம் இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. கண்காட்சி நடுவர் கேட்பார்.

அளவெடுக்காமல் ஒரு காசும் செலவழிக்காதீர்கள்

0.05 மில்லிமீட்டர் காட்டும் வெர்னியர் காலிபர் ஒன்று, மரை அளக்கும் கேஜ் ஒன்று. இந்த இரண்டும் இல்லாமல் பிரெஞ்சு வண்டியைத் தொடக்கூடாது. மிச்சப்படும் பணம் அடுத்த இரண்டு தவறான பாகங்களுக்குப் போய்விடும்.

பாட்டம் பிராக்கெட்டில் தொடங்குவோம், அதிகத் தலைவலி அங்கேதான். பிரெஞ்சு அளவு 35 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் மரை இடைவெளி, இரண்டு பக்கமும் வலமரை (கடிகாரத் திசையில் இறுகுவது). சுவிஸ் அளவும் அதே 35க்கு 1தான், ஆனால் செயின் பக்கக் கப் இடமரை. ஆங்கிலேய அளவு 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, செயின் பக்கம் இடமரை. இத்தாலிய அளவு 36 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை, இரண்டு பக்கமும் வலமரை, கூட்டின் அகலமும் 68க்குப் பதில் 70. 1970களின் இறுதிவாக்கில் பூஜோவே சில மாடல்களில் சுவிஸ் மரைக்கு மாறியது. அதனால் "பூஜோதானே, பிரெஞ்சு மரையாகத்தான் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யக் கூடாது.

கப்பின் முகத்தை மண்ணெண்ணெயில் துடைத்துப் பாருங்கள். "35 x 1" என்று பொறித்திருந்தால் பிரெஞ்சோ சுவிஸ்ஸோ, "36 x 24" என்றால் இத்தாலி, "1.370 x 24" என்றால் ஆங்கிலேயம். பிரெஞ்சா சுவிஸ்ஸா என்பதை செயின் பக்கக் கப் கழலும் திசைதான் சொல்லும்: கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கழன்றால் பிரெஞ்சு, கடிகாரத் திசையில் கழன்றால் சுவிஸ். திசை தெரியாமல் நீளக் குழாய் போட்டு நெம்பினால் கப்பின் விளிம்பு வழுக்கிச் சிதையும். ஊடுருவும் எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் விட்டு, ஒரு திசையில் மிதமாகவும் பிறகு மறு திசையில் மிதமாகவும் முயலுங்கள்.

இடது கப் இரண்டுக்கும் ஒன்றேதான். சுவிஸ் கூட்டுக்குத் தேட வேண்டியது வலது கப் மட்டும், அதுதான் அரிது. பழைய கப் தேய்ந்து குழி விழுந்திருந்தால் பிரெஞ்சு, சுவிஸ் மரைகளில் ஃபில் வுட் செய்யும் கப்பும், மரையே இல்லாமல் கூட்டுக்குள் விரிந்து பிடிக்கும் வெலோ ஆரஞ்ச் யூனிட்டும் கிடைக்கின்றன. வெளியே தெரியாத பாகம் என்பதால் இங்கே புதியதைப் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூட்டின் மரையே போய்விட்டதென்றால் இத்தாலிய அளவுக்கு மரை வெட்டிப் பெரிதாக்குவார்கள். அது கடைசி வழி, திரும்ப வர முடியாத வழி. பிரெஞ்சு மரையில் இன்னொரு குணம் உண்டு: வலது கப்பும் வலமரை என்பதால் மிதிக்க மிதிக்க அது தானாகக் கழலப் பார்க்கும். பூட்டும்போது மற்ற வண்டிகளைவிட இறுக்கிப் பூட்டுங்கள், முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி பாருங்கள்.

அடுத்து ஹெட்செட், அதாவது ஃபோர்க் திரும்பும் பேரிங் தொகுப்பு. பிரெஞ்சு ஃபோர்க்கின் மரை 25 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் இடைவெளி. மற்றவர்களுடையது 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. ஆங்கிலேய ஹெட்செட் நட்டு பிரெஞ்சு ஃபோர்க்கில் இரண்டு சுற்று லொடலொடவென்று ஏறி ஆசை காட்டும், இறுக்கினால் மரை உருவிக்கொண்டு போகும். வாஷரையும் கவனியுங்கள்: பிரெஞ்சு ஸ்டீயரர் குழாயின் (ஃபோர்க்கின் மேல்குழாய்) பின்புறம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும், மற்றவற்றில் பள்ளம் ஓடும். ஹெட்செட் வாங்கும்போது வாஷரும் சேர்த்து வருகிறதா என்று கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

ஸ்டெம்மின் உட்செல்லும் தண்டு பிரெஞ்சில் 22.0, மற்றதில் 22.2. அந்த 0.2 மில்லிமீட்டருக்காக ஸ்டெம் உள்ளே இறங்காது. உள்ளே போகும் பகுதியை மட்டும் எமரி தாளால் சுற்றிச் சமமாகத் தேய்த்து இறக்குவது பலரும் செய்வது. சுத்தியலால் தட்டி இறக்கக்கூடாது. ஹேண்டில்பார் பிடிபடும் இடம் பிரெஞ்சில் 25.0; பழைய இத்தாலிய சினெல்லியில் 26.4, ஜப்பானிய, ஆங்கிலேய வண்டிகளில் பெரும்பாலும் 25.4. ஸ்டெம்மையும் பாரையும் ஒரே விற்பவரிடம் சேர்த்து வாங்குவதுதான் நிம்மதி. 25.4 பாரை 25.0 ஸ்டெம்முக்குள் திணிக்க வாயை விரித்தால், அலுமினியம் அன்றைக்கு ஒன்றும் சொல்லாது, பின்னொரு நாள் இறக்கத்தில் சொல்லும்.

சீட் போஸ்ட் பிஎக்ஸ்-10க்குப் பொதுவாக 26.4. ஆங்கிலேய 531 ஃபிரேமுக்கான 27.2 நுழையவே நுழையாது. பூஜோவின் விலை குறைந்த யூஓ-8க்கு 24.0 என்பதால், "பூஜோ சீட் போஸ்ட்" என்று மட்டும் எழுதி விற்கிற விளம்பரத்தை நம்ப வேண்டாம். சீட் டியூபும் டவுன் டியூபும் 28.0 மில்லிமீட்டர், மற்ற நாடுகளில் 28.6. செயினைப் பல் மாற்றும் முன் டிரெய்லியரும் கியர் லீவரும் பிற நாட்டுக் கிளாம்போடு வந்தால் மெல்லிய தகடு சுற்றாமல் பிடிக்காது.

பெடல் மரை பிரெஞ்சில் 14 மில்லிமீட்டர் விட்டம், 1.25 இடைவெளி; மற்றதில் 9/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 மரை. எழுத்தைப் பார்த்தும் நாட்டைக் கண்டுபிடிக்கலாம். பிரெஞ்சுப் பெடலில் வலதுக்கு டி, இடதுக்கு ஜி. இத்தாலியப் பெடலில் வலதுக்கு டி, இடதுக்கு எஸ். ஆங்கிலேயத்தில் ஆர், எல். பிரெஞ்சு கிராங்கை 9/16க்கு மரை வெட்டிவிடலாம், அது சற்றுப் பெரிய அளவு என்பதால் வேலை நடக்கும். ஆனால் வெட்டிய கிராங்கை பிறகு அசல் என்று சொல்லி விற்க முடியாது. வாங்கும்போதும் "மரை வெட்டியதா?" என்று கேளுங்கள்.

பின் ஹப்பில் திருகும் பல்சக்கரத் தொகுப்பான ஃப்ரீவீல் விஷயம் கொஞ்சம் நயவஞ்சகமானது. பிரெஞ்சு ஹப் 34.7க்கு 1, ஆங்கிலேயம் 1.370 அங்குல விட்டம் (ஏறத்தாழ 34.8 மில்லிமீட்டர்), அங்குலத்துக்கு 24 மரை. ஆங்கிலேய ஃப்ரீவீல் பிரெஞ்சு ஹப்பில் ஏறிவிடும், பிறகு ஒரு மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது அலுமினிய மரையை உரித்துக்கொண்டு சுற்றும். இத்தாலிய, ஆங்கிலேய ஃப்ரீவீல்கள் ஒன்றுக்கொன்று சமாளித்துப் போகும். பிரெஞ்சை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

பின் ஃபோர்க்கின் இடைவெளியையும் அளந்து எழுதுங்கள். ஐந்து கியர் காலத்துக்கு 120 மில்லிமீட்டர், ஆறு ஏழு கியருக்கு 126. பின் டிரெய்லியர் தொங்கும் காதைப் பாருங்கள்: பிரெஞ்சு டிரெய்லியர் கம்பெனியான சிம்ப்ளெக்ஸின் டிராப்அவுட்டில் (சக்கர அச்சு உட்காரும் இடம்) அது மரையில்லாத வெறும் துளை. இத்தாலிய காம்பக்னோலோவோ ஜப்பானியதோ மாட்ட வேண்டுமென்றால் 10 மில்லிமீட்டர் மரை வெட்ட வேண்டும். வெட்டினால் ஃபிரேமின் அசல் தன்மையில் கைவைத்ததாகிவிடும். ஏற்கெனவே வெட்டியிருந்தால் முந்தைய உரிமையாளர் செய்த காரியம்.

எதை முதலில் வாங்குவது

அளவுத்தாள் தயாரானதும் பட்டியல் போடுங்கள். கண்ணில் படுகிற அழகுப் பாகத்தை முதலில் வாங்கத்தான் மனம் இழுக்கும். மரையோடும் விட்டத்தோடும் கட்டுண்ட பாகங்கள்தான் முதலில்: பாட்டம் பிராக்கெட் கப்பும் அச்சும், ஹெட்செட், ஸ்டெம், சீட் போஸ்ட், ஃப்ரீவீல். இவை இல்லாமல் வண்டி நிற்காது, இவைதான் கிடைப்பதும் அரிது. பிரேக்கும் பெடலும் சீட்டும் டோ கிளிப்பும் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்.

கிராங்க் செட் பிஎக்ஸ்-10க்கு அடையாளம் மாதிரி: ஸ்ட்ராங்லைட் 93. பல்சக்கரத்தைப் பூட்டும் ஐந்து போல்ட் வட்டத்தின் விட்டம் 122 மில்லிமீட்டர். காம்பக்னோலோவின் 144க்கான பல்சக்கரம் இதில் உட்காராது. கழற்றும்போது எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. வழக்கமான கிராங்க் புல்லரின் மரை 22 மில்லிமீட்டர். பழைய ஸ்ட்ராங்லைட்டுக்கு 23.35, டிஏ கிராங்குக்கு 23. 22 புல்லர் உள்ளே போகும், பிடித்த மாதிரியும் இருக்கும், திருகினால் கிராங்கின் மரையைத் துடைத்துவிட்டு வெளியே வரும். அப்படிச் சிதைந்த கிராங்குகள் சந்தையில் நிறைய. ஆகவே புல்லர் ஏறும் மரையின் கிட்டப்படம் கேட்டு வாங்குங்கள், பின்புறச் சதுரத் துளையின் மூலைகளையும் பாருங்கள். மூலை உருண்டிருந்தால் தளர்ந்த போல்ட்டோடு ஓட்டியது. எவ்வளவு இறுக்கினாலும் திரும்ப ஆடும்.

பிரேக் மஃபாக் ரேசர், பிறகு வந்த சற்றுக் குட்டையான காம்படிஷன். மஃபாக் கிளெர்மோன்-ஃபெரான் ஊர்க் கம்பெனி, ஏராளமாகச் செய்து தள்ளியது, அதனால் விலை இன்னும் கட்டுக்குள் இருக்கிறது. பிரேக் கட்டையின் தண்டு மரையில்லாமல் வழவழப்பாக இருக்கும். பழைய கான்டிலீவர் பிரேக்குக்கான வழவழத் தண்டுக் கட்டைகள் அதில் பொருந்தும். லீவரின் அரை ரப்பர் உறை பெரும்பாலும் பொடிந்திருக்கும், மறுதயாரிப்பு கிடைக்கிறது.

டிரெய்லியரில்தான் உண்மையான சங்கடம். டிஜோன் ஊர் சிம்ப்ளெக்ஸ் 1960களின் தொடக்கத்திலிருந்து டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. அறுபது ஆண்டு வெயிலும் எண்ணெயும் பட்டு அது விரிசல் விடுகிறது, குறிப்பாக முன் டிரெய்லியரின் கிளாம்பு. விற்பவர் படத்தில் கிளாம்பு போல்ட்டைச் சுற்றிய இடத்தைக் கேளுங்கள், மயிரிழை வெள்ளைக்கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஓட்டுகிற வண்டிக்கு 1970களில் வந்த உலோக சூப்பர் எல்ஜே நல்ல தேர்வு. காலமும் பொருந்தும், வேலையும் செய்யும். சிம்ப்ளெக்ஸின் ஸ்பிரிங் வைத்த ரெட்ரோஃபிரிக்ஷன் லீவர் எங்காவது நியாய விலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். டவுன் டியூப் லீவரில் அதைவிட மென்மையானது அந்தக் காலத்தில் இல்லை என்று பலரும் சொல்வது மிகையில்லை. கேபிளின் தலை அதில் சிறியது; புதிய கேபிளின் தலையை அரத்தால் சற்றுச் சீவ வேண்டிவரும்.

எங்கே தேடுவது, என்ன கேட்பது

ஆங்கிலத்தில் தேடினால் உலகம் முழுக்க அதே விலையைத்தான் காட்டும். பிரான்சின் லெபோன்குவான், ஜெர்மனியின் கிளைன்அன்ட்சைகன், இத்தாலியின் சுபித்தோ போன்ற உள்ளூர் விளம்பரத் தளங்களில் அந்தந்த மொழிச் சொல்லைப் போட்டுத் தேடுங்கள். பிரெஞ்சில் ஸ்டெம்முக்குப் பொதான்ஸ், ஹேண்டில்பாருக்கு சேன்த்ர், கிராங்க் செட்டுக்குப் பெதாலியே, ஃப்ரீவீலுக்கு ரூ லீப்ர், சீட் போஸ்ட்டுக்குத் தீஜ் த செல். எழுத்துக்கூட்டலை மொழிபெயர்ப்புச் செயலி காட்டும். அத்தனை விற்பனையாளரும் வெளிநாட்டுக்கு அனுப்பமாட்டார்கள். ஐரோப்பாவில் உறவோ நண்பரோ இருந்தால் அவர் முகவரிக்கு வரவழைத்து நாலைந்து பாகங்களை ஒரே பெட்டியில் அனுப்பச் சொல்வது தபால் செலவைக் குறைக்கும். பிரான்சின் சோமூரில் நடக்கும் ஆன்ஜூ வெலோ வேன்தாஜ் விழாவிலும், கயோலேயில் லெரோய்கா சமயத்திலும் பழைய பாகச் சந்தை கூடும். கையில் எடுத்து அளந்து வாங்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

சிறு பாகங்களாகத் தேடிக் களைப்பதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஃபிரேம் வளைந்த, பெயிண்ட் போன, ஆனால் பாகம் முழுசாக இருக்கிற இன்னொரு பிரெஞ்சு வண்டி ஒன்று பல சமயம் கிராங்கும் ஹப்பும் தனித்தனியாக வாங்கும் விலையைவிட மலிவாக வரும். வாஷர், கேபிள் நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டும் ஸ்கியூவரின் ஸ்பிரிங் என்று யாரும் தனியாக விற்காத உதிரிகளும் அதோடு வரும்.

விளம்பரத்தில் "புழங்காத பழைய இருப்பு" என்று போட்டிருந்தாலும் படம் கேளுங்கள். கடை அலமாரியில் இருந்த கிராங்கின் சதுரத் துளைக்குள் அச்சின் தேய்மானக் கோடு இருக்காது. பெடல் மரையின் வாயில் வாஷர் அழுத்திய வட்டம் இருக்காது. பல்சக்கரத்தைப் பக்கவாட்டில் எடுத்த படத்தில் பல் சுறாத்துடுப்பு போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தேய்ந்தது. ஹப்புக்கு அச்சின் ஒரு பக்கப் பூட்டு நட்டிலிருந்து மறுபக்கப் பூட்டு நட்டுக்கு அளவு, ஸ்போக் துளை எத்தனை, ஃப்ரீவீல் மரை எது, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஃப்ரீவீல் மாட்டிய நிலையில் சக்கரம் வாங்கினால், எந்தக் கருவியால் அது கழலும் என்பதையும் பாருங்கள். ரெஜினா இரண்டு பள்ளம், சன்டூர் நான்கு பள்ளம், ஆட்டம், மையார் போன்றவை உட்புறப் பல். ரிம்மிலிருந்து ஸ்போக்கை அறுத்துவிட்டால் ஃப்ரீவீலைத் திருகப் பிடிமானமே இருக்காது. முதலில் ஃப்ரீவீல், பிறகுதான் ஸ்போக்.

இத்தாலிய, ஜப்பானிய வண்டிக்காரர்களுக்கு

அவர்களுக்குத் தேதி பாகத்திலேயே இருக்கிறது. 1967இல் வந்த காம்பக்னோலோ நுவோவோ ரெக்கார்ட் பின் டிரெய்லியரின் உடம்பில் 1970களில் பேட்டண்ட் என்ற சொல்லோடு இரண்டு இலக்க ஆண்டு பொறித்திருப்பார்கள். அவர்களுடைய கிராங்கின் பின்புறம் வைரக்கட்டத்துக்குள் இலக்கம் இருந்தால் 1970கள், வட்டத்துக்குள் இருந்தால் 1980கள். ஷிமானோவுக்கு இரண்டு எழுத்து: முதல் எழுத்து ஆண்டு, 1976க்கு ஏ, இரண்டாவது மாதம், ஜனவரிக்கு ஏ. எச்-சி என்றிருந்தால் 1983 மார்ச். 2002இல் மறுபடி ஏ-விலிருந்து தொடங்கினார்கள் என்பதால் பாகத்தின் வடிவத்தையும் சேர்த்துப் பாருங்கள். காம்பக்னோலோ கிராங்கில் நட்சத்திரக் கையும் பெடல் கையும் சேரும் உட்கோணத்தில் விரிசல் வருவது பிரசித்தம். அந்த இடத்தின் கிட்டப்படம் இல்லாமல் வாங்க வேண்டாம்.

பழையதாக இருக்கக் கூடாதவை

கேபிள், பிரேக் கட்டை, டயர், பேரிங் குண்டுகள். இவற்றில் காலப் பொருத்தம் தேடுவது வீண் வீம்பு. கேபிள் உறையின் நிறம் சரியாக இருந்தால் போதும். குண்டுகள் அங்குல அளவில் உங்கள் ஊர் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும்: பாட்டம் பிராக்கெட்டுக்குப் பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலக் குண்டு 22, பின் ஹப்புக்கும் பெரும்பாலும் அதே கால் அங்குலம் பக்கத்துக்கு 9. முன் ஹப்புக்கும் ஹெட்செட்டுக்கும் அளந்து வாங்குங்கள். பழையதில் நாலு, புதியதில் நாலு என்று கலந்து போடாதீர்கள். பெரிய குண்டு மட்டும் சுமை தாங்கி, குண்டு உருளும் கோனில் குழி போடும்.

ஸ்டெம்தான் முக்கியம். அக்காலப் பூஜோக்களில் வந்த ஏவிஏ ஸ்டெம்மின் தண்டில் நீளவாக்கில் வெட்டிய பிளவுகள் இருக்கும். அந்தப் பிளவின் மேல்முனையில் விரிசல் தொடங்கி ஓட்டும்போதே உடைவதால் அதற்குக் கெட்ட பெயர். அசல்தான், காலமும் சரிதான், ஆனால் சுவரில் மாட்டும் வண்டிக்கு மட்டும். ஓட்டுவதற்குப் பிளவில்லாத, ஆப்பு வைத்த பிலிப் போன்ற வேறொரு பிரெஞ்சு ஸ்டெம்மைப் போடுங்கள்.

சக்கரம்: பிஎக்ஸ்-10 பசை ஒட்டும் டியூபுலர் டயரோடு வந்தது. பசை ஒட்டப் பொறுமை இல்லாதவர்களுக்குக் காலத்தை மீறாத ஒரு வழி இருக்கிறது. மாவிக் 1975இல் கொண்டுவந்த மாட்யூல் இ சாதாரண டயர் ஏற்கும் 700சி ரிம்; 1970களின் பிற்பகுதி வண்டிக்கு அது அப்பழுக்கில்லாமல் பொருந்தும். 27 அங்குல ரிம்மை மட்டும் தவறி வாங்கிவிடாதீர்கள். அது 630 மில்லிமீட்டர், 700சி 622. பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் மேலே போக வேண்டியிருக்கும், சில ஃபிரேம்களில் டயர் பின் பிரிட்ஜில் (பின் சக்கரத்துக்கு மேலுள்ள குறுக்குக் குழாய்) உரசும்.

கழற்றிய ஒவ்வொரு அசல் பாகத்தையும், உடைந்த ஏவிஏ உட்பட, தனிப் பையில் போட்டு எந்த இடத்திலிருந்து எடுத்தது, என்ன அளவு என்று எழுதிய சீட்டோடு வையுங்கள். அடுத்து இந்த வண்டியை வாங்குபவர் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.